மிலிட்டரி வண்டியின் முன் ஜாயின்ட்

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு வண்டி. அதை லாரி என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பொறுக்காது. மிலிட்டரி வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் போய், இரண்டு கை மாறி, மூன்றாவதாக அத்தாவின் கைக்கு வந்தது அது. மற்ற லாரிகளுக்குப் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளும். எங்கள் வண்டிக்கு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு அத்தா மொரப்பூர் கடைத்தெருவில் ஒரு சுற்றுப் பெரிய ஆளாகவே நடந்துகொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, சித்தேரி மலைக்குப் போகிற பாதை பாதை என்று சொல்லத்தக்கதாக இல்லை. மண்ணும் பாறையுமாகக் கிடக்கும். மழை பெய்தால் சாதாரண லாரிகள் அடிவாரத்தைத் தாண்டாது. எங்கள் வண்டி ஏறும். மேலே போகும்போது உப்பு, மண்ணெண்ணெய், ரேஷன் அரிசி, அதன்மேல் சந்தைக்கு வந்து திரும்புகிற மலைக்காரர்கள். இறங்கும்போது புளி, கடுக்காய், சாமை மூட்டைகள். மலையில் இருந்தவர்கள் அத்தாவை பாய் என்று கூப்பிடுவார்கள். பாய் வண்டி வந்தால்தான் அவர்களுக்கு உப்பு. அவர்கள் மூட்டை இறங்கினால்தான் எங்களுக்கு அடுப்பு. என்னையும் இரண்டு தம்பிகளையும் வளர்த்தது அந்த ஏற்பாடுதான்.

வண்டி அத்தாவுடையது என்றாலும் அதன் உயிர் என் மாமாவிடம் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வொர்க்ஷாப் வைத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கடத்தூரில் பெண் பேசி முடித்து, நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று வைத்திருந்தார்கள். சொத்து என்று சொல்ல அவருக்கு ஒன்றும் கிடையாது. கை சுத்தம், வேலை சுத்தம் என்ற பெயர் மட்டும்தான். அரூரிலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும்கூட அந்தப் பெயரை நம்பித்தான் வண்டி கொண்டுவந்தார்கள். கடத்தூர்க்காரர்கள் பெண் கொடுக்க ஒத்துக்கொண்டதும் அதை நம்பித்தான்.

அத்தாவுக்கு மாமாவிடம் பாசம் உண்டு. ஆனால் யாராவது அவர் எதிரில் மாமாவின் வேலையைப் புகழ்ந்தால் அத்தாவுக்கு உடனே வேறு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். அதன் அர்த்தம்தான் தெரியாது.

அந்த வருஷம் வண்டி முன்பக்கம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. திருப்பத்தில் ஏறும்போதெல்லாம் யாரோ உள்ளே உட்கார்ந்து அம்மியில் கல்லைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம். மாமா பிரித்துப் பார்த்து எனக்கும் காட்டினார். முன்சக்கரம் சுற்றவும் வேண்டும், ஸ்டீயரிங் திருப்பினால் திரும்பவும் வேண்டும். அதற்காக நம் கைக்கு மணிக்கட்டு இருப்பது மாதிரி அதற்கும் ஒரு மூட்டு உண்டு. அதுதான் ஜாயின்ட். பழைய ஜாயின்ட்டில் நான்கு இரும்புக் குண்டுகள் பள்ளங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. குண்டும் தேய்ந்து பள்ளமும் தேய்ந்து, பாரம் வந்தால் வழுக்கின. அந்தச் சாமான் இனி எங்கேயும் கிடைக்காது என்று மாமா கையை விரித்துவிட்டார். அத்தாவுக்கு முகம் செத்துவிட்டது.

கையை விரித்தவர் சும்மா இருக்கவில்லை. சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து, பெரிய வண்டி ஒன்றின் அச்சிலிருந்து கிராஸ் ஜாயின்ட் இரண்டு கொண்டுவந்தார். சிலுவை மாதிரி ஒரு துண்டு, அதன் நான்கு முனையையும் இரண்டு பக்கத்திலிருந்து இரும்புக் காதுகள் கவ்விப் பிடித்திருக்கும். எங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. அச்சை அறுத்து, வெல்டு வைத்து, லேத்தில் கொடுத்துக் கடைந்து, பொருந்தாததைப் பொருத்தினார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. மற்ற வண்டிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுச் செய்தார். தேய்ந்த குண்டுகளை எனக்கு விளையாடக் கொடுத்தார்.

வேலை முடிந்த அன்று அத்தாவை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்த வைத்து மாமா சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“மச்சான், இந்த கிராஸு பழசவிட ரெண்டு பங்கு தாங்கும்ங்க. ஆனா சக்கரத்த ரொம்ப ஒடிச்சுத் திருப்பக் கூடாது. திருப்புனா ரெண்டு காதும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். லோடோட இடிச்சுதுன்னா ஒடஞ்சுரும். அதுக்குத்தான் இந்த போல்ட்ட வெளிய நீட்டி வச்சிருக்கறேன். சக்கரம் இது வரைக்கும் திரும்பி, முட்டி நின்னுக்கும்.”

“அப்ப வளைவுல?”

“ஒரே மூச்சுல திரும்பாதுங்க. ரெண்டு தடவ ரிவர்ஸ் எடுத்துத் திருப்பணும். கொஞ்சம் சிரமந்தான். ஆனா பயமில்ல.”

சொல்லிவிட்டு, பச்சைப் பெயின்ட் டப்பாவை எடுத்தார். வேப்பங்குச்சியின் நுனியை மென்று பிரஷ் ஆக்கி, அந்த போல்ட்டின் நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை குறுக்காக ஒரு கோடு இழுத்தார். மறுசக்கரத்து போல்ட்டுக்கும் அப்படியே. முக்கியமான எந்த நட்டை முறுக்கினாலும் மாமா அப்படிச் செய்வார். பிறகு யாராவது அதைத் தொட்டுத் திருகினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பச்சை மார்க்தான் அவர் கையெழுத்து என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மார்க் பிரியாமல் இருந்தால் அந்த வேலைக்கு அவர் பொறுப்பு.

அத்தா அன்றைக்கு மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யானையைக் கட்டி இழுக்கலாம் மாப்ளே என்றார். வீட்டில் அம்மா பிரியாணி செய்தாள். எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் லீவு. அடம்பிடித்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அடிவாரம்வரை அத்தா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். மலையேறி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் பாட்டு நின்றது. வண்டி பாதி திரும்பி நின்றுவிட்டது. ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

எங்கள் வண்டியின் பின்பலகையில் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டு வருவார். மலை ஊர்க்காரர், இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் பெரிய மரக்கட்டை ஒன்று. வண்டி ஏற்றத்தில் நின்றால் உடனே குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பாரவண்டி பின்னால் உருண்டுவிடும். மலையில் ஓடுகிற எந்த வண்டிக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு. நான் அவரைக் கட்டையண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. குதிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குதிப்பார்.

முதல் வளைவில் அவர் இரண்டு தடவை குதித்தார். இரண்டாவது வளைவில் மூன்று தடவை. மேலே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொரு தடவையும் “ஐயோ பாய்” என்று கூவினார்கள். மூன்றாவது வளைவில் எங்களுக்குப் பின்னால் காட்டு கான்ட்ராக்டரின் ஜீப் ஒன்று வந்து மாட்டிக்கொண்டது. அதன் டிரைவர் ஹாரன்மேலேயே கையை வைத்திருந்தான். ஒருவழியாக வழி கிடைத்து எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டினான்.

“என்ன பாய், புது மூட்டு போட்டும் மொடக்குவாதம் போவலியா? மச்சினன் வைத்தியமா?”

வண்டியில் இருந்த மலைக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கட்டையண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேலே ஊரில் மூட்டைகளை இறக்கியதும் எல்லாரும் போய்விட்டார்கள். கட்டையண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அத்தா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துக்கு அடியில் படுத்தார். நான் கேபினிலிருந்து இறங்கி, யாரோ கொடுத்த பலாச்சுளையைத் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தேன். அத்தா இரண்டு பக்கத்து போல்ட்டையும் திருகி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எங்கேயோ போய்விட்டது.

“மாமா தொடக் கூடாதுன்னு சொன்னாருல்லத்தா?”

“உம் மாமனுக்குக் கொட்டாய்க்குள்ளதான் வித்தை. மலையில ஓட்டறவன் நானா அவனா?”

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வூட்டுல சொல்லாத பாப்பா. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரியும். அவன் மொகத்தத் தூக்கி வச்சுக்குவான். எனக்கும் உனக்கும் மட்டும், என்ன?”

அத்தா என்னோடு ரகசியம் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பிகளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லவே மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு வண்டி எல்லா வளைவிலும் ஒரே மூச்சில் திரும்பியது. பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. அத்தா ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகாததைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்றார். இந்த மெக்கானிக்குகளே இப்படித்தான், நாலு இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தினால்தான் அவர்களுக்கு மரியாதை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நானும் அத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஒரு சந்தை நாள், மழைவிட்ட மத்தியானம், உப்பு மூட்டையும் ஆட்களுமாக ஏறும்போது நான்காவது வளைவில் அது உடைந்தது. முழுதாக ஒடித்துத் திருப்பி, சக்கரம் சேற்றில் திணறி, அத்தா ஆக்ஸிலேட்டரை மிதிக்க, காதோடு காது இடித்து ஒரு காது முறிந்தது. முறிந்த துண்டு உள்ளே மாட்டிக்கொண்டு ஸ்டீயரிங் இறுகிவிட்டது. வண்டி பின்னால் நழுவியது. கட்டையண்ணன் எப்போதும் போலக் குதித்தார். எப்போதும் அவர் குதிக்கும்போது வண்டி நின்றிருக்கும். அன்றைக்கு நிற்கவில்லை. கட்டையோடு சேர்த்து அவர் வலது காலின்மேல் பின்சக்கரம் ஏறி, மேட்டில் முட்டி நின்றது. மேலே இருந்தவர்கள் விழுந்து எழுந்து சிராய்ப்போடு தப்பினார்கள். அவரைக் கட்டிலில் வைத்து அடிவாரம்வரை தூக்கிக்கொண்டு வந்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் மாமா மலைக்கு ஓடினார். மறுநாள் சாயங்காலம், உடைந்த அச்சை உருவி எடுத்துவிட்டு, வெறும் பின்சக்கர இழுவையில் வண்டியை மெல்ல இறக்கிக்கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்தவர் அத்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தாவும் பேசவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அடிபட்டவனை நினைத்து வருந்துகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் மாமாவின் கொட்டகையில் கூடிப் பேசுவது என்று ஏற்பாடு. மலை ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், ஜமாத் ஆட்கள் இருப்பார்கள், வண்டியைப் பார்த்துச் சொல்ல சேலத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவரை வரவழைத்திருந்தார்கள். போலீசுக்குப் போக வேண்டாம், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மலைக்காரர்களே சொல்லியிருந்தார்கள்.

அன்று காலையில் மாமாவுக்கு இட்லி கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். கொட்டகையில் மாமா முன்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தார். பக்கத்தில் பச்சைப் பெயின்ட் டப்பா. வேப்பங்குச்சியால் அந்த போல்ட்டின்மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்து முடித்து, தரையிலிருந்து புழுதியை ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் தூவி, வாயால் மெதுவாக ஊதினார். புதுக்கோடு பழைய கோடு ஆகிவிட்டது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியவருக்கு என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“எவ்ளோ நேரமா நிக்கற? இங்க எதுக்கு வந்த? போ வூட்டுக்கு!”

மாமா என்னை அதட்டியதே கிடையாது. தூக்குப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அழுதுகொண்டே ஓடிவந்தேன். அந்த அழுகை மத்தியானம்வரை என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் கொட்டகையில் இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். உடைந்த காதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்து சொன்னார்.

“ஜாயின்ட் வேல அருமையான வேல. குத்தமே சொல்ல முடியாது. ஆனா இந்த போல்ட்ட இவ்ளோ உள்ள வச்சிருக்கக் கூடாது. மார்க்கு பிரியாமத்தான் இருக்குது. வேற கை படல. வச்சவரு கணக்குத் தப்பிட்டாப்ல.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா எழுந்து நின்றார்.

“என் தப்புதாங்க” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மலை ஊர்ப் பெரியவர், மனுஷன் வேலையென்றால் தவறும்தான், வேண்டுமென்று எவனும் செய்வதில்லை, காலிழந்த பையனுக்கு ஒரு வழி செய்தால் போதும் என்றார். ஜமாத் தலைவரும் ஆமோதித்தார். மாமாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. அத்தா ஓரத்தில் மர ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் அது முடிந்திருக்க வேண்டும். தவறு செய்துவிட்டு ஒத்துக்கொண்ட மெக்கானிக் என்று ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். கடத்தூர்க்காரர்களும் பொறுத்திருப்பார்கள். ஆனால் மேஸ்திரி தன் விரலைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இதென்ன, பெயின்ட் இன்னும் பிசுபிசுங்குது?”

வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டு யாருக்கும் பதில் தெரியாமல் இருக்கும்போது எனக்கு மட்டும் தெரிந்துவிட்டால் நான் எப்படி எழுவேனோ அப்படித்தான் பேசினேன். டீத்தூக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மாமா இன்னிக்கிக் காலையிலதான் அடிச்சாரு. மண்ணுகூடத் தூவுனாரு. நான் பாத்தேன்.”

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

“எதுக்குப்பா அடிச்ச? யாருக்காவ?” என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அத்தாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “புள்ள சொல்றது நெசந்தாங்க” என்று மட்டும் சொன்னார்.

மேஸ்திரிக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். மறுபடி கேட்க வாயெடுத்தார். அதற்குள் மலைக்காரர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆளை முடமாக்கிவிட்டு விடிந்ததும் விடியாததுமாகத் தடயத்தை மறைத்தாயா என்று ஒருவர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். தவறு செய்தவரை மன்னிக்கத் தயாராக இருந்தவர்கள் ஏமாற்றுக்காரனை மன்னிக்கத் தயாராக இல்லை. நியாயம்தானே. அப்போது அத்தா எழுந்தார். எழுந்து என் தலையில் கை வைத்தார்.

“என் புள்ள பொய் பேசாது. அப்படி வளக்கல” என்றார்.

நான் பெருமையாக நின்றேன். அப்படி ஒரு பெருமை அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

மாமா கொட்டகையையும் சாமான்களையும் விற்று அந்தக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும், இனி இந்தப் பக்கத்தில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பேசி முடித்தார்கள். மறுவாரமே கடத்தூரிலிருந்து நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அம்மா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தவறினால்கூடப் பரவாயில்லை, மறைத்தானே, அவனை நானா தூக்கி வளர்த்தேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். என்னைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது பார்த்தாயா என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அத்தாவிடம் செய்த சத்தியம் எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. இரண்டு ஆண்கள் ஒரே போல்ட்டைத் தொட்டதை நான் பார்த்திருந்தேன். ஒருவர் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. மற்றவர் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்லிவிட்டேன்.

எனக்கு இது விளங்கியபோது இருபத்தாறு வயது. யாரும் வந்து சொல்லவில்லை. மொட்டை மாடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தேன். அப்படியே விளங்கிவிட்டது. மார்க் பிரிந்திருந்தால் மாமாவுக்குப் பின்னால் யாரோ போல்ட்டைத் திருகியிருக்கிறார்கள் என்று மேஸ்திரி ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அந்த வண்டியை வேறு யார் தொடுவார்கள்? பாய் தன் கையாலேயே ஆளை முடமாக்கிவிட்டார் என்று தெரிந்தால், மலையில் ஒருத்தரும் எங்கள் வண்டியில் ஏறியிருக்க மாட்டார்கள், ஒரு மூட்டை ஏற்றியிருக்க மாட்டார்கள். மூன்று பிள்ளைகளோடு அவருடைய அக்கா தெருவில் நின்றிருப்பாள். மாமா மலையிலேயே அந்தப் பிரிந்த கோட்டைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கும் வழியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார். காலையில் என்னை அதட்டியது கோபத்தில் இல்லை, பயத்தில். அத்தாவுக்கோ அந்தக் கொட்டகையில் மேஸ்திரி “மார்க்கு பிரியாமத்தான் இருக்குது” என்று சொன்ன நொடியிலேயே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் தலையில் கை வைத்தார். இதை எழுதும்போதுகூட அந்தக் கையின் சூட்டை என் தலையில் உணர்கிறேன், அருவருப்பாக இருக்கிறது.

அத்தாவிடம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது அவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். நான்தான் கஞ்சி ஊட்டினேன். கேட்கலாம் என்று நினைத்த நாளெல்லாம் கரண்டியை அவர் வாயில் வைத்து அடைத்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. தம்பி ஏமாற்றுக்காரன் என்று நம்பிக்கொண்டே அவள் கண்ணை மூடினாள். அத்தாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மாமா பம்பாய்க்குப் போனார். மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலேறி ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். அம்மா வழியனுப்ப வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முதல்நாள் எனக்கு ஒரு கவுன் எடுத்துக் கொடுத்திருந்தார். ரோஸ் கலர், கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்தது. பெருநாள் இல்லாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி எடுத்ததே கிடையாது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிளாட்பாரத்தில் மாமா ஒரு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் எதிரில் போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

“நல்லாருக்கா மாமா?”

“ஜம்முனு இருக்குது. யாரு எடுத்துக் குடுத்தா?”

“அத்தா. நெசத்தச் சொன்னேன்ல, அதுக்கு.”

மாமா என் தலைக்குமேல் அத்தாவைப் பார்த்தார். அத்தா ரயில் நேரம் எழுதிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்டேஷனில் நிற்பதே நாலைந்து வண்டிதான், அதைப் படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மாமா என் கவுனின் லேஸைச் சரிசெய்து விட்டார். அவர் நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் இன்னும் போகவில்லை. எப்பவும் நெசத்தையே சொல்லு பாப்பா என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியவர்தானே, இவர் யார் எனக்குச் சொல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரயில் வந்தது. அவர் ஏறி உட்கார்ந்து கையாட்டியபோது நான் ஆட்டவில்லை.

ரயில் போனபிறகு அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். அத்தா அழுது நான் பார்த்ததேயில்லை. மாமா இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் அழுகிறார், பாவம், எவ்வளவு நல்ல மனசு என்று எனக்குத் தோன்றியது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வுடுங்கத்தா. அவரு பண்ண தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று ஆறுதல் சொன்னேன்.

அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.